சாத்தான் பாட்டு என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் சுங்கை சிப்புட்டைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. இங்கே சில இளைஞர்கள் மாதாமாதம் மண்டபம் ஒன்றில் கூடி, விளக்கை அணைத்துவிட்டு, இத்தாலிக்காரன் போட்ட 'சாத்தான் பாட்டு' கேட்கிறார்களாம், பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்களாம், பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டுமாம். எழுதியவர் பெரியவர், கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர் என்று எழுத்திலேயே தெரிகிறது, அதனால் மரியாதையோடுதான் பதில் எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கீபோர்டு வாசித்தே தலை நரைத்துப்போனவனை இளைஞர் கணக்கில் சேர்த்ததற்கு முதலில் ஒரு நன்றி. விளக்கை அணைப்பது உண்மைதான். மண்டபத்து டியூப் லைட் போடுகிற இரைச்சலில் மெல்லிசான இடம் எதுவும் காதில் விழாது, காரணம் அவ்வளவே.

கடிதம் வந்த கையோடு மண்டபத்துக்காரர்கள் இனிமேல் சாவி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பாட்டு என்ன ஏது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் எழுதியதைப் பார்த்தால் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதாகத் தெரியவில்லை, இசைத்தட்டு உறையைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

1970 தொடங்கி ஒரு ஐந்தாறு வருடம் இத்தாலியில் புரோக்ரெசிவ் ராக் என்ற வகை ஓஹோவென்று இருந்தது. தொடங்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், சரி. ஆனால் இத்தாலிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு தங்கள் ஓப்பராவையும் மாதா கோவில் ஆர்கனையும் ஊர்ப்பாட்டையும் உள்ளே போட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்கிற அளவுக்கு நீட்டி, வேறு ஒன்றாகவே ஆக்கிவிட்டார்கள். அதில் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்கோனி, பாங்கோ தெல் முத்துவோ சொக்கோர்சோ மாதிரி உலகம் அறிந்த குழுக்கள் உண்டு. எங்கள் பையன்கள் தேடிப் போவது அதன் இருட்டுப் பக்கம். நேப்பிள்ஸ் நகரத்து இல் பலெத்தோ தி ப்ரொன்ஸோ 1972இல் போட்ட 'யீஸ்', பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தை எடுத்துக்கொண்டு மெத்தமோர்ஃபோசி குழு 1973இல் செய்த 'இன்ஃபெர்னோ', அப்புறம் 1974இல் வந்த பிலியெத்தோ பெர் லின்ஃபெர்னோ. இந்தக் கடைசிக் குழு நரகத்துக்கு டிக்கெட் என்றே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். அதில் பாடிய கிளாவுடியோ கனாலி பிற்காலத்தில் கிறிஸ்துவத் துறவி ஆகிவிட்டார் என்பதைக் கடிதம் எழுதியவர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

எதற்காக அந்த ஊரில் அந்த நேரத்தில் இத்தனை பேய், பிசாசு, நரகம்? 1969 டிசம்பர் 12ஆம் தேதி மிலான் பியாஸ்ஸா ஃபொந்தானாவில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் குண்டும் கடத்தலும் கொலையுமாகவே போனது. விவாகரத்துச் சட்டமே 1970இல்தான் வந்தது, அதையும் ஒழிக்க வேண்டும் என்று 1974இல் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள், ஒழிக்க வேண்டாம் என்று கிட்டத்தட்ட 59 விழுக்காட்டினர் சொன்னதால் தப்பியது. இந்தப் பாட்டுப் போட்டவர்கள் சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனமும் லத்தீன் ஜெபமும் நரக பயமும் ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். கோபம் வந்தபோது கைக்குக் கிடைத்தது அதே ஆர்கன், அதே லத்தீன், அதே நரகம். வேறு எதை எடுப்பார்கள்?

உறை பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அங்கேயே நடந்ததுதான். மூசெயோ ரோசென்பாக் என்று ஒரு குழு, அந்தக் காலத்தில், 1973இல், 'சரதுஸ்த்ரா' என்று ஒரே ஒரு தட்டுப் போட்டார்கள், அருமையான தட்டு. உறையில் பல துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு முகம், அந்தத் துண்டுகளுக்குள் முசோலினியின் சிலையும் இருந்தது. அவ்வளவுதான், பாசிசக்காரர்கள் என்று முத்திரை குத்தி இத்தாலிய அரசு வானொலி ராய் ஒதுக்கி வைத்தது, குழுவும் கொஞ்ச காலத்தில் கலைந்தது. தட்டைச் சுழலவிட்டுக் கேட்டிருந்தால் அதில் இருப்பது தத்துவஞானி நீட்ஷேயும் மெல்லோட்ரான் என்ற வாத்தியமும் என்று தெரிந்திருக்கும்.

மெல்லோட்ரான் என்றதும் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும், தொழில் புத்தி. பார்க்க கீபோர்டு, ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா இருக்கும். அந்த நாடாவில் உண்மையான ஆட்கள் பாடிய கோரஸோ வயலினோ புல்லாங்குழலோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், எட்டு வினாடி வரைக்கும்தான், அப்புறம் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்குச் சடக்கென்று திரும்பிவிடும். மோட்டார் வேகம் லேசாக ஏறி இறங்குவதால் சுருதி எப்போதும் ஒரு மயிரிழை ஆடிக்கொண்டே இருக்கும். மனிதக் குரல்தான், ஆனால் மூச்சு வாங்காத குரல், நிலையில்லாத குரல். அந்தப் பேய்த்தன்மை அங்கேயிருந்து வருகிறது, நரகத்திலிருந்து வரவில்லை. இன்றைக்கு என் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் கோரஸ் வரும், சுத்தமாக வரும், யாரும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொன்று, அந்த ஸ்வரம். 'சா'விலிருந்து ஆறு அரைப்படி மேலே போனால் வரும் இடத்தை ஐரோப்பிய இசை நூல்களில் டையபோலஸ் இன் மூசிகா, இசைக்குள் இருக்கும் பிசாசு என்று 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். திருச்சபை அதைத் தடை செய்து, வாசித்தவனைத் தண்டித்தது என்றெல்லாம் சொல்வது கட்டுக்கதை, ஆனால் பயமுறுத்த நினைக்கும் எந்த இருட்டு இசைக்காரனும் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். நம் கணக்கில் அது என்ன தெரியுமா? பிரதி மத்திமம். மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களில் சரிபாதி, 36 ராகங்களில் அதுதான் மத்திமம். கல்யாணியில் இருக்கிறது ஐயா! நாதஸ்வரக்காரர் கல்யாண வீட்டில் வாசிக்கும் கல்யாணியில் இருக்கிறது. அங்கே பிசாசு, இங்கே மாங்கல்யம். நமக்கும் நம்முடைய பயங்கள் உண்டு, ஆகிரி ராகம் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்வார்களே. ஆகிரிக்குப் பயப்படும் ஒரு வித்துவானை மிலானில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள்.

கோப்ளின் குழுவைப் பற்றிக் கடிதத்தில் தனியாகக் காட்டமாக எழுதியிருந்தார். சரி, அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் தாரியோ அர்ஜென்தோ என்ற இயக்குநர் 'புரொஃபோந்தோ ரோசோ' என்ற கொலைப்படத்துக்கு ஜோர்ஜோ காஸ்லினி என்ற ஜாஸ் மேதையை வைத்து இசை செய்யச் சொன்னார், அது அர்ஜென்தோவுக்குப் பிடிக்கவில்லை, கிளாவுடியோ சிமோனெத்தியும் கூட்டாளிகளும் இருந்த ஒரு சின்னக் குழுவைக் கூப்பிட்டார், அதுதான் கோப்ளின். அவர்கள் போட்ட தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாட்டுக்காரர்கள் இன்னும் பையன்கள், திடீர் நட்சத்திரங்கள் ஆகிவிட்டார்கள். 1977இல் 'சுஸ்பிரியா' என்ற சூனியக்காரிகள் படம். அதற்கு இசையை முன்கூட்டியே செய்து, படப்பிடிப்பில் நடிகர்களுக்கு நடுக்கம் வரட்டும் என்று பலமாக ஒலிக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். அந்த இசையை உற்றுக் கேளுங்கள், குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு மெட்டு, புசூக்கி என்ற கிரேக்க நரம்பு வாத்தியம், கிசுகிசுப்பு, இதற்கெல்லாம் அடியில் தபேலா. ஆமாம், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஃபாபியோ பிஞ்ஞத்தெல்லிதான் தபேலாவும் வாசித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பஜனையில் நாம் தட்டும் அதே தபேலா இத்தாலிக்காரன் காதுக்கு எங்கேயோ தூர தேசத்து மர்மமாகக் கேட்டிருக்கிறது. இங்கே முதல் தடவை போட்டபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் "யாரு மிருதங்கம்?" என்று கேட்டார், கூட்டமே சிரித்தது, பயம் போயே போச்சு.

யாக்கூலா என்ற குழுவைப் பற்றி மட்டும் பெரியவர் எழுதியதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அந்தோனியோ பார்தொச்செத்தி, தோரிஸ் நார்ட்டன், ஆர்கன் வாசித்த சார்ல்ஸ் தீரிங், இவர்கள் 1972இல் போட்ட 'தார்தோ பேதே இன் மாஜியாம் வெர்சுஸ்' உண்மையிலேயே ஒரு மாதிரியான தட்டு. மாதா கோவில் ஆர்கன் நிறுத்தாமல் இரைந்துகொண்டிருக்கும், டிரம்ஸுக்கு அதில் பெரிய வேலை கிடையாது, நடுவில் ஒரு பெண் பேசுவதும் பாடுவதுமாக இருப்பார், இசைக்கலைஞர்கள் பட்டியலில் ஆவியோடு பேசுகிற மீடியம் ஒருவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் பாதி கேட்கலாம், மிச்சம் கொட்டாவி. ஆனால் இந்தத் தட்டைக் கேட்பவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஆவியை அழைத்து நடத்திய சடங்குதான் இது, இரவில் தனியாகக் கேட்க முடியாது என்பவர்கள். இன்னொரு கட்சி, எல்லாம் வியாபார ஜோடனை என்பவர்கள், நான் இதில் சேர்ந்தவன். எங்களுக்குப் பெரிய ஆதாரம் 'இன் கௌதா செம்பேர் ஸ்தாத் வெனேனும்' என்ற யாக்கூலாவின் இன்னொரு தட்டு. 1969இலேயே பதிவு செய்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடித்துத் தங்கள் வட்டத்துக்குள் கொடுத்தோம் என்று அந்தக் குழுவே சொன்னது. ஊர் கேட்டது 2001இல், ஜெனோவா நகரத்துப் பிளாக் விடோ கம்பெனி வெளியிட்ட பிறகுதான். அந்தக் கிட்டாரின் கனத்த சத்தத்தைக் கேட்டவர்கள், 1969இல் எந்த ஆம்ப்ளிஃபையரில் இது வந்திருக்க முடியும் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன், மின்பொறியியல் படிப்பவன், இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு மாலை முழுக்கப் பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றி எங்களுக்கு வகுப்பே எடுத்தான். சாத்தானைக் கும்பிடப் போனவன் வால்வு ஆம்ப்ளிஃபையர் படித்துவிட்டு வந்தான், பெற்றோர் விழித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்களோடு கத்தோலிக்க நண்பர் ஒருவர் வருவார், அப்பா காலத்திலிருந்து மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கும் குடும்பம். யாக்கூலா ஓடத் தொடங்கியதும் அவர் எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த ஆர்கன் என்பது அம்மாவின் சாவு, தங்கையின் கல்யாணம், பெரிய வெள்ளி, எல்லாம். அதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினால் அவருக்குத் தாங்காது, தாங்கக்கூடாது என்றுதானே அந்த இத்தாலிக்காரர்கள் செய்தார்கள். அவர் பட்ட சங்கடம் உண்மையான சங்கடம், அந்த இசையைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள் எங்களில் அவர்தான் என்றுகூடச் சொல்வேன். மாறாக எங்கள் மாரியம்மன் கோவில் பிள்ளைகளுக்கு அதே ஆர்கன் வெறும் ஆர்கன். நரகம் என்றால் கதையில் வரும் எண்ணெய்க் கொப்பரை. ஆனால் நடு இரவில் செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து உடுக்கை ஒற்றையாய் அடித்தால் இதே பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள்!

பெரியவருக்கு நான் கேட்பது இதுதான். நம் சமயத்தில் சாத்தான் எங்கே இருக்கிறான்? தோட்டத்து எல்லையில் முனியாண்டி அரிவாளோடு நிற்கிறார், சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுகிறோம், கோழி அறுத்து ரத்தம் விடுகிறோம், உறுமி ஏற ஏற ஆளுக்கு அருள் வருகிறது, சாட்டையால் அடித்துக்கொள்கிறார்கள், அலகு குத்துகிறார்கள். இதெல்லாம் நமக்குப் பக்தி. வெளியிலிருந்து பார்ப்பவன் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது. தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளத்துப் பையன்களைப் பற்றி, ரவுடிப் பாட்டு, பேயாட்டம், சமுதாயத்துக்கு அவமானம் என்று உங்கள் பத்திரிகையிலேயே கடிதம் வருகிறதா இல்லையா? அந்தப் பையன்களைக் காப்பாற்றிப் பேசியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன், அவர் எழுத்தில் அந்த ஊர்ப்பற்று தெரிகிறது. அப்படியிருக்க இத்தாலியில் பாதிரியார் பயந்த பயத்தை வாங்கி வந்து சுங்கை சிப்புட்டில் நாம் ஏன் பயப்பட வேண்டும்? அந்த இரவல் பயத்தில் நம் பங்கு என்ன?

இதற்கு அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இத்தாலியிலேயே 1998இல் மிலானுக்குப் பக்கத்தில் சாத்தான் பெயரைச் சொல்லித் திரிந்த ஒரு கும்பல் இரண்டு இளசுகளைக் கொன்று புதைத்தது, 2004இல்தான் வெளியே வந்தது, குற்றவாளிகளுக்கு நீண்ட சிறை. அவர்கள் கேட்டது மெட்டல் என்ற கனத்த ராக் இசை என்று அங்கே பெரிய கலவரமே ஆனது. அந்த வழக்கில் போதைப்பொருளும் அடிதடியும் ஒருவரையொருவர் மிரட்டி வைத்திருந்ததும் எவ்வளவு என்று படித்தவர்களுக்குத் தெரியும். நம் மலேசியாவிலும் 2001இல் பிளாக் மெட்டல் என்ற இசையைப் பற்றிப் பதற்றம் வந்தது, கறுப்புச் சட்டை போட்ட பள்ளிப் பையனையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அந்தக் காலத்தில் என்னிடம் கீபோர்டு படித்த ஒரு பிள்ளை கைநிறைய வைத்திருந்த கேசட்டுகளை வீட்டார் எரித்துவிட்டார்கள், பிறகு அவன் எந்தப் பாட்டையும் தொடவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளைக் கெடுப்பது எது என்று கேட்டால் காவல் நிலையத்தில் சொல்வார்கள், போதை மாத்திரை, குண்டர் கும்பல், வேலையில்லாத மாலை நேரம். அந்த மாலை நேரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஒரு தட்டை முழுசாகக் கேட்கிறான் என்றால் எனக்கு நிம்மதிதான். கைத்தொலைபேசியில் பதினைந்து வினாடிக்கு மேல் எதையும் பார்க்காத தலைமுறை இது.

கேட்டபின் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். வாதாடுவார்கள். 'யீஸ்' தட்டில் ஜான்னி லெயோனே ஒரே ஆளாக அத்தனை கீபோர்டையும் எப்படிச் சமாளித்தார் என்று ஒருத்தி கையால் காற்றில் வாசித்துக் காட்டுவாள், அந்தத் தட்டில் வரும் பெண் குரல்கள் ஒப்பாரி மாதிரி இருக்கிறது என்பாள். பாட்டிக்கு ஒப்பாரி தெரியும், பதிவு செய்து வைக்கலாமே என்று அங்கேயே பேச்சு வந்தது, இரண்டு பேர் கிளம்பிப் போய்ப் பதிவும் செய்துவிட்டார்கள். லயத்து வீட்டில் பிறந்த பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பாட்டுகளை எந்தச் சங்கமும் எடுத்து வைக்கவில்லை, இந்த 'சாத்தான்' பிள்ளைகள்தான் எடுத்தார்கள். பிடிக்காதவர்களும் உண்டு. மருமகன் ஒருவன் தைரியமாக, "மாமா, இது எல்லாம் ஓவர் ஆக்டிங்" என்று சொல்லிவிட்டு ரோட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டான், அவனும் ரசிகன்தான்.

மண்டபத்துக்கு வருவோம். நாங்கள் வாடகை கட்டித்தான் எடுத்தோம். நாற்காலியை நாங்களே அடுக்கி, கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் பூட்டினோம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கிடையாது. மது கிடையாது, அதே மண்டபத்தில் நடக்கும் சில பிறந்தநாள் விருந்துகளுக்கு இந்த விதி உண்டா என்று கேட்க மாட்டேன், அது வேறு கடிதம். நிர்வாகத்தினர் பத்திரிகையில் வந்ததை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் யாராவது ஒருவரை அனுப்பி உட்காரச் சொல்லலாம். பிடிக்கவில்லையா, அதையும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அதுவரைக்கும் என் வீட்டு முன்கூடத்தில் கூடுகிறோம், ஸ்பீக்கர் சின்னது, பேஸ் வராது, பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்.

பெரியவரும் வந்தால் சந்தோஷம். யாக்கூலா போட மாட்டோம், 'யீஸ்' தட்டிலிருந்து தொடங்கலாம். கோப்பி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிக்கும் ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.